பொட்டுக்கு எறும்பு வரும்

பிப்ரவரி 5, திங்கள்

செத்துப்போன ஆள் ஒருவர் கிடைக்காமல் இன்று முழுக்க அலைந்தேன். சினிமாவில் கலைத்துறை உதவியாளராகப் பதினான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். ஒட்டகம் கேட்டிருக்கிறார்கள், கொண்டுவந்திருக்கிறேன். ஒரே வாரத்தில் ஒரு முழுத் தெருவை இருபது வருஷம் பழசாக்கியிருக்கிறேன். ஒரு போட்டோவுக்காக இந்தப் பாடு பட்டதில்லை.

வேண்டியது இவ்வளவுதான். கதாநாயகியின் அப்பா படம் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய போட்டோ மாலையோடு கூடத்துச் சுவரில் தொங்கும், வீட்டை ஆட்டிவைக்கும், கடைசியில் எரியும். நடிப்பு கிடையாது, வசனம் கிடையாது. மூன்று துணை நடிகர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணமாம். இன்னொருவரின் மனைவி போனைப் பிடுங்கி என் பரம்பரையையே திட்டினார். மூன்றாமவர் மட்டும் காரணம் சொன்னார்.

"பொணமா நடிக்கச் சொல்லும்மா, நாலு நாள் பாடையில படுக்கிறேன். கடைசியில கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்க வுடுவீங்க, தோஷம் போயிடும். போட்டோ எப்படிம்மா சிரிக்கும்?"

பிணமாக நடித்தவரை ஷாட் முடிந்ததும் எழுப்பிச் சிரிக்கவைத்து ஒரு துண்டுக் காட்சி எடுப்பது எங்கள் வழக்கம். அந்தத் துண்டு எந்தப் படத்திலும் வராது. ஆனால் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். படித்தவன், படிக்காதவன் எல்லாரும்தான்.

கம்ப்யூட்டரில் ஒரு முகம் செய்து காட்டினேன். இயக்குநர் அபிநந்தன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கண்ல ஆன்மா இல்லக்கா" என்றான். முப்பத்தொரு வயது, முதல் படம். ஓவியக் கல்லூரியில் படித்தவன். ஒரு இருட்டு அறையில் ஆயிரம் அணைந்த அகல்விளக்குகளை வைத்துக் கண்காட்சி நடத்தியவன். இருட்டுதான் உண்மையான கருவறை என்பான். கருவறையோ கக்கூஸோ, சுவர் கட்டுகிறவள் நான்தான்.

எரிச்சலில் வீட்டுக்கு வந்து நைனாவிடம் கொட்டினேன். என் அப்பா தணிகாசலம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கறுப்புச் சட்டைக்காரர். பெயரில் முருகன் இருக்கிறார், அதற்கு அவர் பொறுப்பில்லை. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு ஆம்பளைங்க ஒரு மாலைக்கு பயந்துக்குனாங்களா? இதோ நான் கீறேன். என் மூஞ்சிய மாட்டு."

அலமாரியிலிருந்து பணி ஓய்வு நாளில் எடுத்த படத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் படமும் அங்கேதான், துணிகளுக்கு நடுவில், பதினோரு வருஷமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யார் படத்துக்கும் மாலையும் கிடையாது, பொட்டும் கிடையாது. அது நைனா போட்ட சட்டம்.

பிப்ரவரி 7, புதன்

பூந்தமல்லி பக்கம் ஒரு தளத்தில் செட். பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த துண்டில் வழுக்கி நானே விழுந்தேன். திருஷ்டி கழிந்ததாம்.

நைனாவை மூன்றடிக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினேன். அபிநந்தன் கண்ணைப் பார்த்து ஓகே என்றான்; யார் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கேமராவில் மினுமினுப்பதற்காகக் குங்குமத்தில் சர்க்கரைப் பாகு கலப்போம். பொட்டு கோணிவிட்டது, அழித்து மறுபடி வைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

சந்தன மாலை போட்டால் எத்தனை நாளானாலும் ஒரே மாதிரி இருக்கும் என்றேன். அபிநந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. நிஜ ரோஜா மாலைதான் வேண்டுமாம், காட்சிக்குக் காட்சி அது அழுகவேண்டுமாம். "மரணம் ஒரு நிகழ்வு இல்லக்கா, ஒரு செயல்முறை."

பிப்ரவரி 9, வெள்ளி

வாளிகளில் மாலை அழுக வைத்திருக்கிறேன். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று சீட்டு ஒட்டியாயிற்று. அம்மா என்னைப் பத்து மாதம் சுமந்தது இதற்குத்தான்.

பிப்ரவரி 12, திங்கள்

நைனா காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறியவர் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. "கேஸு, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேஸ் இல்லையாம். புதன்கிழமை ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் பார்க்க வேண்டுமாம்.

படம் மாட்டி இன்றோடு ஐந்து நாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இதை எழுதிவைக்கவே தேவையில்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் படத்திலிருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். பாகு கலந்த பொட்டு, எறும்பு வரும். மாலையையும் கழற்றிவைத்தேன், ஆணிக்குப் பாரம். காலையில் முதல் ஆளாகப் போய்த் திரும்ப வைத்தால் போயிற்று.

பிப்ரவரி 14, புதன்

மூன்று இடத்தில் அடைப்பு. இருபத்து மூன்றாம் தேதி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நைனா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி: "மூணு ஸ்டாப்புல அடைப்புன்னா வண்டிய எந்த ரூட்டுல வுடுவீங்க?" டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன். நைனா ஆட்டோக்காரரிடம் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 15, வியாழன்

ஜெசிந்தாவோடு சண்டை. காட்சிக்குக் காட்சி எது எங்கே இருந்தது என்று குறித்துவைப்பது அவள் வேலை. கழுகுக்கே அவள் பாடம் எடுக்கலாம்.

"எழில், நாற்பத்தோராவது காட்சியில பொட்டு நடுவுல இருக்கு. நாற்பத்திரண்டுல ஒரு விரக்கடை இடது பக்கம் போயிருக்கு. சைசும் சின்னதாயிருக்கு. மாலை வேற ஏத்தி இறக்கி இருக்கு. தினமும் கழட்டி மாட்டறியா?"

"எறும்பு வருது" என்றேன்.

"செட்டுல ஒரு எறும்பக் காட்டு பாப்போம்."

அதற்குள் அபிநந்தன் வந்தான். இரண்டு காட்சியையும் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தான். கண் விரிந்தது. "பொட்டு நகருது... அவர் தன்னோட சாவ ஒத்துக்கல! அக்கா, படம் தன்னைத்தானே எடுத்துக்குது." இனி ஒவ்வொரு காட்சியிலும் பொட்டு கொஞ்சம் நகரவேண்டும் என்று உத்தரவு. நான் செய்த தப்பைக் கலை என்று சொன்னால் எனக்குச் சம்பளம் கூட்ட வேண்டாமா?

பிப்ரவரி 16, வெள்ளி

பேக்கப் ஆனதும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். தூசி.

பிப்ரவரி 17, சனி

நைனாவுக்கு ரத்தப் பரிசோதனை. அதனால் செட்டுக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. எனக்கு முன்னால் மொத்த யூனிட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

தளத்துக்கு வெளியே கூட்டம். உள்ளே யாரும் இல்லை. கூடத்துச் சுவரில் நைனா முதுகைக் காட்டிக்கொண்டு தொங்குகிறார். மாலை தரையில் ஒழுங்காகச் சுருட்டி வைத்திருக்கிறது. நான் சுருட்டியதுதான். "ஆவி சுருட்டிச்சு" என்கிறார்கள்.

கதாநாயகிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒப்பனைக்காரர் ஒருவர், நேற்றே படத்தின் கண் தன்னைப் பின்தொடர்ந்ததாகச் சொன்னார். என் அப்பாவின் கண் எதிர்வீட்டுத் தண்ணீர் லாரியைத் தவிர எதையும் பின்தொடர்ந்ததில்லை.

நான்தான் திருப்பினேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் ஏன் திருப்பினாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் அபிநந்தன் ஏதோ சேனலுக்குப் பேட்டி கொடுத்துவிட்டான், செட்டில் ஒரு சக்தி இருக்கிறது என்று. பகுத்தறிவாளர் தணிகாசலத்தின் மகள் எழிலரசி, சொந்தச் செலவில் ஒரு பேயை உற்பத்தி செய்திருக்கிறாள்.

பிப்ரவரி 19, திங்கள்

நான் செய்த பேய் என்னையே பிடித்துவிட்டது.

புதன்கிழமை காலை போட்டோ எரியும் காட்சி. அன்று சாயங்காலம்தான் நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கதையில் கதாநாயகி தீக்குச்சி கிழித்துக் கொளுத்துவாள். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டாள், திரும்புகிற போட்டோவைத் தொட மாட்டேன் என்று. அவளுடைய உதவியாளர் மாட்டேன் என்றார். துணை நடிகைகளும் மாட்டேன் என்றார்கள். அபிநந்தன் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க கை மெலிசாத்தான்க்கா இருக்கு. வளையல் போட்டா வித்தியாசம் தெரியாது. கை மட்டும் குடுங்க."

மறுபடி எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று போட்டோவுக்கு மூன்று பிரதி போட்டு வைத்திருக்கிறேன். அதுவும் நான்தான் போட்டேன். அதாவது, மூன்று தடவை.

லைட்மேன் கன்னியப்பன் அண்ணன் முப்பது வருஷமாக விளக்குப் பிடிக்கிறவர். அந்தப் படம் என் அப்பா என்று செட்டில் தெரிந்த ஒரே ஆள். டீயை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எழிலம்மா, பெரியவர ஒரு தபா இட்டுனு வந்துடு. கேமரா முன்னால சிரிக்கட்டும். ரெண்டு செகண்டு. உனுக்கு நம்பிக்கை இல்லன்னா வேணாம்."

எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் சொன்னேன். டீ ஆறிப்போய்விட்டது.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையில் அபிநந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, எரிக்கும்போது வேறு முகம் வைக்கலாம், புகையில் தெரியாது என்றேன். "ஏன்க்கா?" என்றான். அது என் அப்பா, வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன் என்றேன். இருட்டு, ஒளி என்று ஏதாவது சொல்லப்போகிறான், இன்று அறைந்துவிடலாம் என்று தயாராக நின்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்க்ரிப்டை மூடி வைத்தான். பிறகு, "எங்கப்பா போய் நாலு வருஷமாச்சுக்கா. போட்டோவ ஃப்ரேம் பண்ணி வச்சிருக்கேன். மாலை போடல. போட்டா முடிஞ்சுபோயிடும்ல. அதான் இந்தப் படமே" என்றான். "எரிக்கறப்ப முகம் தெரியணும்க்கா. இல்லன்னா நான் இவ்ளோ நாள் எடுத்தது வெறும் பேய்ப்படம்."

அதற்குமேல் அவனைத் திட்ட முடியவில்லை. அந்த ஒரு வசதியும் போயிற்று.

சாயங்காலம் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைத் துடைத்ததை, எறும்பு என்று பொய் சொன்னதை, படத்தைத் திருப்பியதை, பேய் கிளம்பியதை. பேய் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற ஷாட்டுக்கு வா என்றதும் முகம் இறுகிவிட்டது.

"உன்ன அப்டியா வளத்தேன்? ஆபரேஷன் பண்றது டாக்டரு. கேமராவா பண்ணுது?"

"தெரியும் நைனா."

"உங்கம்மா செத்தப்ப ஊரே கூடி நின்னு சொல்லிச்சு, படத்துக்கு ஒரு பொட்டாவது வையின்னு. வெச்சனா? நீதானே எம்பக்கத்துல நின்னே."

"நின்னேன். எனக்கு வைக்கணும்னுதான் இருந்துச்சு. உனக்காக நின்னேன்."

சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. நைனா என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் மாத்திரை டப்பாவைத் திறந்து, எந்த மாத்திரையும் எடுக்காமல் மூடினார். "பதினோரு வருசமா சொல்லல நீயி" என்றார். படுக்கப் போய்விட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. படம், பொட்டு, மாலை எதுவும் காரணமில்லை. நைனா செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ஒன்பது நாளாக இதை எழுதாமல் எறும்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன் (ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்)

கையில் கண்ணாடி வளையல் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். தீப்பெட்டியும் கொடுத்தாயிற்று. படத்தில் நைனா பொட்டோடு என்னைப் பார்க்கிறார். பத்து மணி இருக்கும், தளத்து வாசலில் ஏதோ சத்தம். திரும்பினால் காவலாளி பின்னோக்கி நடந்தபடி உள்ளே வருகிறார். அவர் எதிரே, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டையில் என் அப்பா.

மாலை போட்ட ஆள் உயிரோடு நடந்து வந்தால் நாற்பது பேர் என்ன செய்வார்கள் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒருவர் மானிட்டரோடு விழுந்தார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள், நோட்டைக் கீழே விடாமல்.

நைனா நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். "நல்லாத்தான் கீது. மாலைதான் அழுகிப் போச்சு." பிறகு எல்லாரையும் பார்த்து, "படத்தத் திருப்பினது பேயில்ல, எம் பொண்ணு. என்மேல கீற பாசத்துல திருப்பிச்சு. யாரும் அத்த ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். கண்டக்டர் குரல், கடைசி சீட்டுவரை கேட்கும். ஜெசிந்தா என்னைப் பார்த்து, "எறும்பாம் எறும்பு" என்று முணுமுணுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் கையிலிருந்த தீப்பெட்டியை நைனா வாங்கிக்கொண்டார். "பெத்த பொண்ணு கையால இப்பவே வேணாம். என் படத்த நானே கொளுத்திக்கிறேன்."

நான் வளையல்களைக் கழற்றிவைத்தேன். அபிநந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "அவரோட கை... அவரே தன்ன விடுவிச்சுக்கறாரு... சார், இது நான் எழுதினதவிட பெரிசு." கதாநாயகியின் கை வேண்டியதில்லை என்று அந்த இடத்திலேயே கதையை மாற்றினான். எதற்கும் உபயோகப்படாதவன் என்று அவனைப் பற்றி இதே நோட்டில் எழுதியிருப்பேன். அடித்துவிட வேண்டும்.

முதல் பிரதி காற்றில் அணைந்தது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. நெற்றியிலிருந்து எரிந்தது. நான் கன்னியப்பன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அபிநந்தன் கட் சொன்னான். நைனா சாம்பலைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"இன்னா, சிரிக்கச் சொல்லுவீங்களாமே. சொல்லுங்க."

நான் கிட்டே போய், "வேணாம் நைனா, உனக்குப் பிடிக்காது" என்றேன்.

"பிடிக்காதுதான். நீ எனக்காக நின்ன இல்ல? நானும் நிக்கிறேன்."

நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கேமரா ஓடியது. சிரிப்பு வரவில்லை. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் அண்ணன் என்னை முழங்கையால் இடித்தார். நான் கேமரா பக்கத்தில் நின்று, சின்ன வயதில் நைனா மாதிரி பேசிக்காட்டுவேனே, அந்தக் கண்டக்டர் குரலில் கத்தினேன்: "படியில தொங்காத! உள்ள போ, உள்ள போ! உள்ள இன்னா பாம்பா கீது?"

நைனா சிரித்துவிட்டார். வாய்விட்டு, பல்செட் ஆட, கண்ணில் நீர் வர. யூனிட் மொத்தமும் கைதட்டியது. அபிநந்தன் "ஓகே!" என்றான். எல்லாரும் விளக்கை அணைக்கப் போனார்கள்.

நைனா எழுந்திருக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார். யாருக்கும் கேட்காத குரலில், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை, சொன்னார்:

"எழிலு, இன்னொண்ணு எடுத்துக்கட்டுமே. சேஃப்டிக்கு."

இன்னொன்று எடுத்தோம்.

பிப்ரவரி 23, வெள்ளி

காலை ஏழு பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் என் கைப்பையில் இருக்கின்றன.

மணி ஒன்று. ஒன்றும் சொல்லவில்லை. அபிநந்தன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

மணி மூன்றே கால். முடிந்தது என்றார்கள். நாளைக்குக் கண் விழித்தால்தான் சொல்ல முடியுமாம்.

பிப்ரவரி 24, சனி

மத்தியானம் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். வாய்க்குழாயைக் காலையிலேயே எடுத்துவிட்டார்களாம். கண்ணை மூடிப் படுத்திருந்தார். கழுத்தில் பூசிய பழுப்பு மருந்து ஒரு துளி நெற்றி நடுவில் தெறித்துக் காய்ந்திருந்தது, வட்டமாக.

யோசிக்கவே இல்லை. விரலை எச்சிலில் தொட்டுத் துடைத்தேன். நர்ஸ் திட்டினார். திட்டட்டும் என்று இன்னொரு தடவை துடைத்தேன்.

நைனா கண்ணைத் திறந்தார். என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் கரகரவென்று வந்தது.

"இன்னா... எறும்பு வருதா?"

"ஆமா நைனா, வருது" என்றேன்.